மெலிவும் சுவரும்

தமிழிசை நூல்கள் ஒலியின் நிலைகளை மெலிவு, சமன், வலிவு என்று மூன்றாகப் பகுக்கின்றன. கீழ்நிலையில் நின்று ஒலிப்பது மெலிவு. மேல்நிலையில் ஒலிப்பது வலிவு. இன்று சிங்காரப்பேட்டைக் கடைத்தெருவில் ஒலிபெருக்கி வாங்க வரும் இளைஞரிடம் இதைச் சொன்னால் சிரித்துவிடுவார். அவரைப் பொறுத்தவரை கீழ்நிலை ஒலி என்றால் நெஞ்சில் மோத வேண்டும், கண்ணாடிச் சன்னல் நடுங்க வேண்டும். "பாஸ் வெயிட்டா இருக்கணும்" என்பதே அவர் விதிக்கும் ஒரே நிபந்தனை. முன்னோர் மெலிவு என்று பெயரிட்ட ஒன்று நம் காலத்தில் வலிமையைக் காட்டும் கருவியாகிவிட்டது.

வீட்டிலேயே செய்த ஒரு சப்வூஃபரை ஹோம் தியேட்டர் அமைப்பில் இணைத்துச் சோதிப்பது பற்றித்தான் இக்கட்டுரை. இலக்கியம் படிப்பவர்களுக்கு இது எதற்கு என்ற கேள்வி எழலாம். எழட்டும். இயற்பியல் துறை நண்பர் ஒருவரோடும் நம் தெரு ஆசாரியோடும் சேர்ந்து, சென்ற கோடை விடுமுறையில் நாம் செய்த பெட்டி அது. செய்ய ஒரு வாரம் போதுமானதாக இருந்தது. சோதிக்க இரண்டு மாதம் ஆயிற்று. அந்த இரண்டு மாதத்தில் நமக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு. சப்வூஃபரின் சோதனை, அது இருக்கும் அறைக்குள் முடிவதில்லை. சுவருக்கு அந்தப் பக்கத்தில்தான் முடிகிறது. அந்தப் பக்கம் போய்க் கேட்காதவர் பாதிச் சோதனையே செய்தவர்.

நம் ஊரைப் பற்றி முதலில் ஒரு சொல். கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை வழியாகத் திருவண்ணாமலைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் ஊத்தங்கரைக்கும் செங்கத்துக்கும் இடையில் இருக்கிறது சிங்காரப்பேட்டை. செங்கம் என்றதும் தமிழ் படித்தவர்களுக்கு நினைவு வர வேண்டியது மலைபடுகடாம். செங்கண்மாத்து வேளாகிய நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடிய 583 அடி ஆற்றுப்படை அது. பத்துப்பாட்டில் ஒலியையே தலைப்பாகக் கொண்ட பாட்டு அது ஒன்றுதான். மலையை யானையாகவும், மலையில் எழும் ஓசைகளை அதன் மதமாகவும் உருவகித்த பெயர். கூத்தர் சுமந்து செல்லும் இசைக்கருவிகளின் பட்டியலோடு தொடங்கி, வழியில் கேட்கக்கூடிய அருவியோசை, தினை குற்றும் மகளிரின் வள்ளைப்பாட்டு, கிழங்குக் கொல்லையைக் காப்பவர் அடிக்கும் பன்றிப்பறை என்று ஓசைகளை அடுக்கிக்கொண்டே போகிறார் புலவர். இன்ன ஓசை இன்ன இடத்திலிருந்து வருகிறது, அதற்கு இன்ன பொருள் என்று காதால் வழிகாட்டும் பாட்டு அது. அந்த மலைகளைத் தொட்டடுத்த ஊரில் இருந்துகொண்டு ஒலியைப் பற்றி எழுதாமல் இருப்பதுதான் வியப்பு.

நிற்க. வீட்டில் ஒலிபெருக்கி செய்வது நம்மவர்க்குப் புதிதன்று. நாற்பதைக் கடந்தவர்கள் மண்பானை ஸ்பீக்கரை மறந்திருக்க மாட்டார்கள். பானையின் வாயில் ஸ்பீக்கரைப் பொருத்தி, டேப் ரெக்கார்டரிலிருந்து ஒயர் இழுத்து, வீட்டு மூலையிலோ தேநீர்க் கடையின் பரண்மேலோ வைத்துவிடுவார்கள். அசெம்பிள் செய்த ஆம்ப்ளிஃபயரும் அதோடு சேரும். அதை வெறும் சிக்கனம் என்று நினைத்தவர்கள் பலர். அதற்குள் ஓர் அறிவு இருந்தது. திறந்த வெளியில் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்னே தள்ளும் காற்றும் பின்னே இழுக்கும் காற்றும் ஒன்றையொன்று விழுங்கிவிடும். கீழ்நிலை ஒலி அப்படியே மறைந்துபோகும். பின்பக்கக் காற்றைச் சிறை வைத்தால்தான் அந்த ஒலி பிழைக்கும். பானை செய்தது அதைத்தான். 1954-இல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் காற்றுப்புகாத சிறு பெட்டிக்குள் அடைத்த ஏ.ஆர்.-1 ஒலிபெருக்கியைக் கொண்டுவந்தபோது, அடைபட்ட காற்றையே கூம்புக்குச் சுருள்வில்லாக்கிப் பெரிய பெட்டிகளின் ஒலியைச் சிறிய பெட்டியிலிருந்து வரவழைத்தார். நம் பானைக்காரர் கணக்குப் போடவில்லை, காதை நம்பினார். அவ்வளவுதான் வேறுபாடு என்று சொன்னால் மிகை. ஆனால் இருவரும் கையாண்டது ஒரே காற்றைத்தான்.

நாம் செய்த பெட்டி அடைபட்ட வகை அன்று. குழாய் வைத்த வகை. கடம் வாசிப்பவரைக் கவனித்தவர்களுக்கு இதன் செயல் எளிதில் விளங்கும். வித்வான் கடத்தின் வாயை வயிற்றோடு ஒட்டியும் விலக்கியும் ஓசையின் ஆழத்தை மாற்றுவார். உள்ளே இருக்கும் காற்று சுருள்வில். வாயருகே நிற்கும் காற்று அந்த வில்லில் கட்டிய கல். இரண்டும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஊசலாடும். வாய் குறுகினால் ஊசல் மெதுவாகும், ஒலி தாழும். ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19-ஆம் நூற்றாண்டில் இதைக் கணக்காக்கினார். ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் 1961-இலும் அவரைத் தொடர்ந்து ரிச்சர்ட் ஸ்மால் 1970-களின் தொடக்கத்திலும் அக்கணக்கை ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பொருத்தி வைத்தார்கள். இன்று உலகில் எந்த மூலையில் எவர் பெட்டி செய்தாலும் அந்த இருவரின் பெயரால் அமைந்த அளவைகளைக் கொண்டே செய்கிறார்.

பெட்டியில் வைக்கும் அந்தக் குழாய்க்குத் தமிழில் பெயர் தேடி அலைய வேண்டியதில்லை. தூம்பு என்றே சொல்லலாம். ஏரி மதகுக்கும் தூம்பு, மலைபடுகடாத்துக் கூத்தர் சுமந்து சென்ற நீண்ட ஊதுகருவிக்கும் தூம்பு. நம் பெட்டிக்குத் தூம்பாக வாய்த்தது ஆழ்துளைக் கிணற்று வேலையில் மிஞ்சிய நான்கு அங்குல பி.வி.சி. குழாய். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பத்து அங்குல ஸ்பீக்கர், 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் 60 லிட்டர் கொள்ளளவு, உட்பக்கம் குறுக்கே இரண்டு தாங்குசட்டங்கள். கணக்குப்படி 24 சென்டிமீட்டர் நீளத் தூம்பு வைத்தால் பெட்டி ஏறத்தாழ 35 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். 30-க்கு இறக்க வேண்டுமானால் 36 சென்டிமீட்டர் வேண்டும். 20-க்கு இறக்க 90 சென்டிமீட்டர். அது பெட்டிக்குள் அடங்காது, வீட்டுக்குள்ளும் அடங்காது. நண்பர் 30 என்றார். நாம் 35 என்றோம். காரணம் பின்னால் வருகிறது.

ஹோம் தியேட்டரில் இந்தப் பெட்டிக்கென்று தனித்தடம் எப்படி வந்தது என்பது சுவையான கதை. 1974-இல் வெளிவந்த 'எர்த்குவேக்' என்னும் ஹாலிவுட் படத்துக்காக யூனிவர்சல் நிறுவனம் சென்சரவுண்ட் என்ற முறையைக் கொண்டுவந்தது. நிலநடுக்கக் காட்சியில் அரங்கமே அதிரும்படி பெரும் ஒலிப்பெட்டிகளை வைத்தார்கள். பல அரங்குகள் ஒரே கூரையின்கீழ் இருந்த இடங்களில் பக்கத்து அரங்கில் வேறு படம் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும் அதிர்வு போய்ச் சேர்ந்தது. ஆழ்ந்த ஒலிக்குச் சுவர் ஒரு பொருட்டன்று என்பது அன்றே தெரிந்த செய்தி. பின்னர் 1979-இல் 'அபோகலிப்ஸ் நௌ' படத்தின் 70 மில்லிமீட்டர் பிரதிகள் இன்றைய 5.1 அமைப்புக்கு முன்னோடியாயின. 1987-இல் டாம்லின்சன் ஹோல்மன் ஐந்து முழுத்தடங்களுக்குத் துணையாக வரும் அந்தக் குறுந்தடத்துக்குப் 'புள்ளி ஒன்று' என்ற பெயரைச் சூட்டினார். ஏறத்தாழ 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலி மட்டுமே அதில் போகும். மற்றத் தடங்களைவிட 10 டெசிபல் கூடுதலாக ஒலிக்கவும் அதற்கு இடம் வைத்திருக்கிறார்கள். திரையரங்குக்காக, அதுவும் ஊருக்கு நடுவே தனித்து நிற்கும் கட்டடத்துக்காக, வகுத்த இலக்கணம் இது. அதை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து பதினைந்து அடிக்குப் பதினொரு அடிக் கூடத்தில் வைக்கிறோம்.

சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் தோற்கருவிகளை அகமுழவு, அகப்புறமுழவு, புறமுழவு என்றெல்லாம் தரம் பிரிப்பார். அவர் பிரித்த அடிப்படை வேறு. ஆயினும் அந்தச் சொற்களைக் கடன் வாங்கிச் சொன்னால், ஹோம் தியேட்டர் என்பது புறமுழவை அகத்துக்குள் கொண்டுவரும் முயற்சி. சிக்கல் முழுவதும் அங்கேதான் தொடங்குகிறது.

இனி அறைக்குள் நடந்த சோதனை. முதலில் பெட்டியைத் தனியே நிறுத்தி, ஒற்றைச் சுருதியை 80 ஹெர்ட்ஸிலிருந்து மெல்லமெல்லக் கீழிறக்கிக்கொண்டே வந்து கூம்பைக் கண்ணால் பார்த்தோம். சுருதி தாழத்தாழக் கூம்பின் ஆட்டம் கூடிக்கொண்டே வரும். 35-ஐ நெருங்கும்போது ஒரு வியப்பு நிகழும்: கூம்பு ஏறக்குறைய அசையாமல் நின்றுவிடும். ஆனால் ஒலி குறையாது. தூம்பின் வாயில் கை வைத்தால் காற்று மூச்சு விடுவது தெரியும். அந்த இடத்தில் வேலை முழுவதையும் தூம்பு ஏற்றுக்கொள்கிறது. அதற்கும் கீழே போனால் கூம்பு பிடிப்பிழந்து அங்குமிங்கும் பாயும். அங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும், இல்லையேல் சுருள் கிழியும். கருவி எதுவும் இல்லாமல் கண்ணும் கையும் கொண்டே செய்யக்கூடிய இந்தச் சோதனையைவிட அழகானது வேறொன்றை நாம் அறியோம். கணக்கு 35 என்றது. கூம்பு 34-இல் நின்றது. ஆசாரி தம் வேலையைத் தாமே மெச்சிக்கொண்டு ஒரு வெற்றிலை போட்டார்.

அடுத்தது அறை. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 28 அடி. நம் கூடமோ அதில் பாதிக்குச் சற்றே மேல். அலை முழுதாக ஒருமுறை புரளக்கூட இடமில்லாத அறையில் அது சுவரோடு சுவராக மோதித் தேங்கி நிற்கும். பதினைந்து அடி நீளத்துக்கு 38 ஹெர்ட்ஸ், பதினொரு அடி அகலத்துக்கு 51, பத்தடி உயரத்துக்கு 57 என்று நம் கூடத்துக்கென்றே தேங்கும் சுருதிகள் உண்டு. பெட்டியை எவ்வளவு நேர்மையாகச் செய்தாலும் அறை தன் விருப்பப்படி சிலவற்றைப் பெருக்கும், சிலவற்றை விழுங்கும். கணினியில் அளவீட்டு மைக்கை இணைத்து, ரூம் ஈக்யூ விசார்ட் என்னும் இலவச மென்பொருளில் 20 முதல் 120 வரை ஓடவிட்டுப் பார்த்தபோது வரைபடம் ஜவ்வாது மலைத்தொடரைப் போல ஏறி இறங்கியது. கூடத்தின் நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்தவருக்கு 38 ஹெர்ட்ஸ் கேட்கவே கேட்காது. அதே நொடியில் சுவரோரம் நிற்பவரை அது மிரட்டும். இந்தச் சுவரோரம் என்ற சொல்லை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

பெட்டியை எங்கே வைப்பது என்பதற்கு உலகெங்கும் ஒரு வழக்கம் இருக்கிறது. கேட்பவர் உட்காரும் இடத்தில் பெட்டியை வைத்துவிட்டு, கேட்பவர் சுவரோரமாகத் தவழ்ந்து, ஒலி எங்கே சீராக இருக்கிறதோ அங்கே பெட்டியை நகர்த்த வேண்டும். நாற்பதுகளில் இருக்கும் விரிவுரையாளர் இருவர் கூடத்தில் தவழ்வதைக் கண்டு வீட்டார் அடைந்த மகிழ்ச்சி தனிக்கதை. மற்ற ஸ்பீக்கர்களோடு 80 ஹெர்ட்ஸில் கைகோக்கும் இடத்தில் முன்பின் மாறியிருக்கிறதா என்று திசைமாற்றியைத் திருப்பிப் பார்ப்பது, பரண்மேல் இருக்கும் எவர்சில்வர் பாத்திரங்களில் எது சேர்ந்து பாடுகிறது என்று தேடிப் பிடிப்பது போன்ற சில்லறை வேலைகளும் உண்டு. அவற்றை விட்டுவிடலாம்.

நெடுஞ்சாலையோர வீட்டுக்கு மட்டும் வாய்க்கும் ஓர் அனுபவத்தைச் சொல்லத்தான் வேண்டும். பெட்டியை அணைத்துவிட்டு அறையின் அமைதியை அளந்தபோது 30 ஹெர்ட்ஸ் அருகே ஒரு மேடு தெரிந்தது. வாசலில் ஒரு லாரி எஞ்சினை நிறுத்தாமல் நின்றுகொண்டிருந்தது. ஆறு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 600 முறை சுழன்றால் நொடிக்கு 30 வெடிப்பு. கணக்கு சரியாக வந்தது. அந்த லாரி அங்கே நிற்பது நம் காதுக்கு அதுவரை தெரியவே இல்லை. கீழ்நிலை ஒலியைக் காது அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. 20 ஹெர்ட்ஸ் ஒலி காதில் விழவே ஏறத்தாழ 78 டெசிபல் வேண்டும். 40 ஹெர்ட்ஸுக்கு 51. ஆனால் அந்த வாசலைத் தாண்டிவிட்டால் நிலைமை தலைகீழ். பேச்சொலி இருமடங்காகத் தோன்ற 10 டெசிபல் ஏற வேண்டும். ஆழ்ந்த ஒலிக்கு அதில் பாதி ஏறினாலே போதும். ஒன்று கேட்காது, அல்லது திடீரென்று நிறையக் கேட்கும். இடையில் நிற்க அதிக இடமில்லை.

எதை ஒலிக்கவிட்டுச் சோதிப்பது? பெரும்பாலோர் செய்வது நமக்கு உடன்பாடில்லை. குண்டு வெடிக்கும் காட்சி, விண்கலம் மோதும் காட்சி, டைனோசர் நடக்கும் காட்சி என்று ஒரு தொகுப்பே வைத்திருக்கிறார்கள். உண்மையான டைனோசர் நடந்து கேட்டவர் எவர்? ஒப்பிடுவதற்கு மூலமே இல்லாத ஒலியைக் கொண்டு எதைச் சோதிப்பது? அதிர்ந்ததா என்பது மட்டுமே அங்கே கேள்வியாகிவிடுகிறது. அதிர்வு என்பது மிக எளிதில் கிடைக்கும் சரக்கு. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் டி.வி.டி. பிளேயர்களோடு வந்து குவிந்த மலிவான 5.1 பெட்டிகளில் பலவும் ஒரே ஒரு சுருதியில் 'தும், தும்' என்று முழங்கிக் கேட்பவரை மயக்கின. தவிலானாலும் இடியானாலும் ஒரே 'தும்'.

நம் பரிந்துரை உறுமி. இம்மாவட்டத்துக் கோயில் திருவிழாக்களில் உறுமியைப் பக்கத்தில் நின்று கேட்காதவர் இருக்க முடியாது. ஒரு முகத்தில் வளைந்த குச்சியைத் தேய்க்கத் தேய்க்க அந்த ஓசை ஓரிடத்தில் நில்லாமல் வழுக்கிக்கொண்டே ஏறும், இறங்கும். ஒற்றைச் சுருதியில் முழங்கும் பெட்டி இங்கே உடனே அகப்பட்டுக்கொள்ளும்; வழுக்கலைப் பின்தொடர முடியாமல் ஓரிடத்தில் வீங்கும், மற்ற இடத்தில் ஊமையாகும். அடுத்துத் தவில். தொப்பியில் விழும் அடி எவ்வளவு விரைவாக ஒலிக்கிறது என்பதைவிட எவ்வளவு விரைவாக ஓய்கிறது என்பதைக் கேட்க வேண்டும். அடி ஓய்ந்த பின்னும் பெட்டி முனகிக்கொண்டிருந்தால் அந்த முனகல் தவிலுடையது அன்று. மூன்றாவதாக, பேஸ் கிட்டார் தனித்து நடக்கும் ஏதேனும் ஓர் இளையராஜா பாடல். சப்வூஃபரை அணைத்தும் இயக்கியும் மாறிமாறிக் கேட்டால், இயக்கும்போது பெட்டி இருக்கும் மூலை தெரியக்கூடாது. கிட்டார்க்காரர் மட்டும் சற்று நெருங்கி வந்து உட்கார்ந்ததுபோல் இருக்க வேண்டும்.

நண்பரின் 30-ஐ நாம் மறுத்ததற்கான காரணமும் இங்கேதான் இருக்கிறது. நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் வழக்கமான மிகத் தாழ்ந்த சுரம் 41 ஹெர்ட்ஸ். நாம் வாழ்நாள் முழுதும் கேட்டு மகிழ்ந்த திரைப்பாடல்களில் பேஸ் கிட்டார் நடமாடும் இடம் அநேகமாக அதற்கு மேலேதான். அதற்குக் கீழே இருப்பவை பெரும்பாலும் வெடிகுண்டும் நிலநடுக்கமும். அவற்றுக்காகப் பெட்டியைப் பெரிதாக்கி, தூம்பை நீட்டி, மின்திறனைக் கூட்டி, கடைசியில் நாம் அடையும் ஒலியில் பெரும்பகுதியை அனுபவிக்கப்போகிறவர் பக்கத்து வீட்டுக்காரர். இதைச் சொன்னால் தூயவாதிகள் சினப்பார்கள். இயக்குநர் ஒலித்தடத்தில் வைத்ததை வெட்ட நீ யார் என்பார்கள். இயக்குநர் பக்கத்து வீட்டில் குடியிருக்கவில்லை என்பதே நம் விடை.

அந்தப் பக்கத்து வீட்டைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். நமக்கும் அவர்களுக்கும் நடுவே ஒன்பது அங்குலச் செங்கற்சுவர் ஒன்றுதான். ஆழ்ந்த ஒலிக்குச் சுவர் ஏன் பொருட்டன்று என்பதற்கும் ஒரு விதி இருக்கிறது. சுவரின் தடுப்பாற்றல் அதன் எடையைப் பொறுத்தது. சுருதி ஒவ்வொரு முறை பாதியாகத் தாழும்போதும் அந்தத் தடுப்பு ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். பேச்சொலியின் 500 ஹெர்ட்ஸிலிருந்து 31 ஹெர்ட்ஸுக்கு இறங்கும்போது இப்படி நான்கு படிகள். பேச்சை நிறுத்திவிடும் சுவர் முழக்கத்துக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. முன்னே சொன்னதுபோல் அறையின் தேங்கிய ஒலி மிகுந்து நிற்பதும் சுவரோரத்தில்தான்.

அந்த வீட்டில் ஒரு பெண் இருக்கிறார். போச்சம்பள்ளிப் பக்கத்துத் தொழிற்பேட்டையில் வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் மாலை, ஒரு வாரம் இரவு. இரவுப் பணி முடிந்து கம்பெனிப் பேருந்தில் காலையில் வந்து இறங்கினால், பகல் முழுதும் தூங்கினால்தான் அடுத்த இரவு விழித்திருக்க முடியும். ஓசூர் தொடங்கி இந்த மாவட்டம் முழுவதும் தொழிற்சாலைகள் பரவப்பரவ இப்படிப் பகலில் உறங்கும் வீடுகள் தெருவுக்குத் தெரு வந்துவிட்டன. நம் சட்டத்துக்கும் வழக்கத்துக்கும் இரவில் மட்டுமே மனிதர் உறங்குகிறார்கள். ஒலி மாசு ஒழுங்குமுறை விதிகள், 2000-இன்படி பகல் என்பது காலை 6 முதல் இரவு 10 வரை. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45.

அந்த எண்களுக்குள் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. அவை 'ஏ' எடையிட்ட டெசிபல். காது கீழ்நிலை ஒலியைக் குறைவாகக் கேட்கிறது என்பதற்காக மீட்டரும் அதைக் கழித்தே கணக்கிடும். 63 ஹெர்ட்ஸில் 26 டெசிபல் கழிவு, 40-இல் ஏறத்தாழ 35, 31.5-இல் 39. நம் கூடத்தில் 40 ஹெர்ட்ஸ் முழக்கம் 85 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். மீட்டர் அதை 50 என்று எழுதும். முழக்கம் எழும் கூடத்திலேயே பகல் வரம்பை அது மீறவில்லை. சுவர் தாண்டி அதில் 62 டெசிபல் போய்ச் சேர்ந்தால் மீட்டர் காட்டப்போவது 27. ஆனால் 40 ஹெர்ட்ஸில் காதின் வாசல் 51 என்று பார்த்தோம். அதாவது உறங்குபவர் கேட்கிறார், சட்டம் கேட்கவில்லை. இது நம் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. கீழ்நிலை ஒலி மிகுந்த இடத்தில் 'ஏ' எடை போதாது என்று உலக சுகாதார நிறுவனத்துக்காக 1999-இல் வெளிவந்த சமூக இரைச்சல் வழிகாட்டு நூலே சொல்கிறது. ஜெர்மனியில் கீழ்நிலை இரைச்சலை அளக்கவென்றே தனித் தரவரையறை இருக்கிறது. நமக்கு அப்படி ஒன்று வரும்வரை வழக்காடிப் பயனில்லை; கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெட்டியை முதன்முறை இயக்கும் முன்பே அந்த வீட்டுக்குச் சென்று செய்தியைச் சொன்னோம். அவருக்குப் பகல் பணியாக இருந்த வாரத்தின் ஞாயிற்றுக்கிழமையில், அவரையே அவர் அறையில் இருக்கச் சொல்லி, நண்பர் இங்கே ஒலியை ஏற்றி இறக்க, நாம் அந்தப் பக்கம் சென்று நின்றோம். சிறிது நேரம் எதுவும் கேட்கவில்லை. மின்விசிறியின் ஓசைதான். சுவரில் சாய்ந்து நின்றபடி, கேட்கிறதா அம்மா என்றோம். கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் சொன்னார்: "காதுக்குக் கேக்கல சார். கட்டில் கால் சொல்லுது." மீட்டர் சொல்லாததைக் கட்டில் கால் சொல்லிவிட்டது.

கட்டில் என்றதும் தமிழாசிரியர் மனம் புறநானூற்றுக்குப் போகாமல் இருக்குமா? முரசுக்கட்டிலில் அறியாது படுத்துறங்கிய மோசிகீரனாரின் கதை எல்லோரும் அறிந்தது. முரசை நீராட்டக் கொண்டுபோயிருந்த நேரம். அந்தக் குற்றத்துக்கு வாளால் இரு கூறாக்கியிருக்கலாம். அரசனோ விசிறி எடுத்து வீசினான். தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை என்பது அவன் பெயர். தகடூர் என்பது இன்றைய தருமபுரி. 2004-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரியும்வரை நம் ஊரும் தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்ததுதான். இந்த நிலத்தைப் போரில் அழித்தவன் என்று பெயர் பெற்றவன், உறங்கும் மனிதர் ஒருவர்முன் தன் முரசின் பெருமையை ஒதுக்கி வைத்தான். வகுப்பில் இப்பாட்டைப் பாடம் சொல்லும்போது புலவரை மதித்த அரசன் என்றே நாம் விளக்கி வருகிறோம். அவர் புலவர் என்பதைச் சற்று மறந்துவிட்டு, அசந்து தூங்கிய ஒருவர் என்று மட்டும் வைத்துக்கொண்டாலும் பாட்டு குறைவதாகத் தெரியவில்லை.

கோயில் திருவிழாவிலும் திருமண ஊர்வலத்திலும் இதைவிடப் பன்மடங்கு முழங்குகிறதே, ஒரு வீட்டுப் பெட்டிக்கு இத்தனை ஆராய்ச்சியா என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். திருவிழா ஆண்டுக்கு மூன்று நாள். அதில் அந்தப் பெண்ணும் கலந்துகொள்கிறார். தேர் எப்போது வரும் என்று அவருக்கும் தெரியும். நம் பெட்டி ஆண்டுக்கு 365 நாளும் இருக்கிறது. எப்போது முழங்கும் என்று அவருக்குத் தெரியாது. கேட்பவர் விருப்பம் கலந்த முழக்கமும் கலவாத முழக்கமும் டெசிபலில் ஒன்றாக இருக்கலாம், உறக்கத்தில் ஒன்றல்ல.

சோதனையின் முடிவில் செய்தவை எளியவை. பெட்டியைப் பொதுச்சுவரிலிருந்து அகற்றி எதிர்ச்சுவருக்குக் கொண்டுபோனோம். வரைபடத்தில் ஒலி சற்றுச் சீர்கெட்டது, பரவாயில்லை. தரைக்கும் பெட்டிக்கும் இடையே தடித்த ரப்பர் வைத்தோம். அது காற்றில் போகும் ஒலியைத் தடுக்காது, தரை வழியே போவதை ஓரளவு தடுக்கும். கட்டில் கால் அமைதியடையும் இடத்தை ஒலிக்குமிழில் கண்டறிந்தோம்; நாம் முதலில் விரும்பிய இடத்திலிருந்து அது ஆறு டெசிபல் மட்டுமே கீழே இருந்தது. ஆழ்ந்த ஒலி திடீரென்று கேட்கும், திடீரென்று மறையும் என்று முன்னே சொன்ன இயல்பு இங்கே நமக்கு உதவியாயிற்று. அந்த ஆறு டெசிபல் குறைந்த நிலையில் உறுமி வழுக்குவதும் தவில் ஓய்வதும் நன்றாகவே கேட்கின்றன. வெடிகுண்டுகள் சற்று ஏழ்மையாக வெடிக்கின்றன.

இரவுப் பணி வாரத்தில் இன்னும் ஒரு படி: பழைய துண்டு ஒன்றை இறுகச் சுருட்டித் தூம்பில் அடைத்துவிடுகிறோம். தூம்பு அடைபட்டால் பெட்டி பழைய மண்பானையாகிவிடும். 35 ஹெர்ட்ஸ் பகுதி தானே தணிந்துபோகும், மேலே உள்ளது அப்படியே இருக்கும். ஒலிக்குமிழைச் சுற்றி வெள்ளைப் பெயின்ட்டால் இரண்டு கோடுகள் போட்டிருக்கிறோம். அதன் அருகே ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. எந்த வாரம் எந்தப் பணி என்று அந்தப் பெண்ணே எழுதிக் கொடுத்தது.